காயப் போடாத துணி

பதினோரு ஆண்டு வானத்தை அவள் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். வரும் திங்கட்கிழமை அது உலகத்தின் பார்வைக்குப் போகவிருந்தது.

வானம் என்றால் நாம் அண்ணாந்து பார்க்கும் நீலமோ மேகமோ அல்ல. அவற்றுக்கெல்லாம் மேலே, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், வெயில் பட்டுப் பட்டு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று திரிகிற அயனி மண்டலம். கைப்பேசி வரைபடத்துக்கு இடம் சொல்லும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை அதைக் கடந்துதான் கீழே வரவேண்டும். வரும் வழியில் இம்மியளவு தாமதிக்கும். அந்தத் தாமதத்தை அளந்தால் மேலே எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்காகவே இருபத்திரண்டு கூரைகளின் மேல் காளான் போன்ற வெள்ளை ஆண்டெனாக்கள் உட்கார்ந்திருந்தன. அவை அனுப்பும் எண்களை வாங்கி, பழுதுகளைப் பொறுக்கி ஒதுக்கி, நம்பத் தகுந்தவற்றை மட்டும் அடுக்கி வைப்பது அவளுடைய வேலை. பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளும். அலுவலகத்தில் யாரும் அவ்வளவு மூச்சைச் செலவழிப்பதில்லை. அவளுடைய அறையைச் ‘சலவைத் துறை’ என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

பொறுக்குவதற்கு அவள் ஒரு விதி வகுத்திருந்தாள். அண்டை விதி என்று பெயர். ஒரு நிலையத்தில் அளவு திடீரென்று சரிந்தால் அருகிலுள்ள மூன்று நிலையங்களைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது ‘ஆமாம், நானும் கண்டேன்’ என்றால் சரிவு உண்மை. மூன்றும் கையை விரித்தால் கோளாறு கருவியில். எண்ணின் பக்கத்தில் ஒன்பது என்று குறி போட்டு ஒதுக்குக் கோப்புக்குத் தள்ளிவிடலாம். கைநூலில் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதுதான். இயக்குநர் போகிற கூட்டங்களில் எல்லாம் அந்த விதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். வேறு இரண்டு நாடுகளில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதே விதிதான் அவளுடைய அண்ணனை வேலையை விட்டு அனுப்பியது.

அண்ணன் கடல்முனை நிலையத்தின் காப்பாளன். நிலையம் என்பது இரண்டு அறை வீடு. கீழே அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். மேலே கூரையில் ஆண்டெனா. பறவை எச்சத்தைத் துடைப்பது, மின்கலத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாள்தோறும் பதிவேட்டில் இரண்டு வரி எழுதுவது, இவ்வளவுதான் பணி. அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவளே அவள். ஆனால் இருபத்திரண்டு நிலையங்களில் ஒன்பது என்ற குறி மிகுதியாக விழுந்தது அங்கேதான். சரிவுகளுக்கு ஒரு சாயல் இருந்தது: பெரும்பாலும் மாலைப் பொழுது, கடல்பக்கச் செயற்கைக்கோள்களில் மட்டும், சடாரென்று விழுந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும். உள்நாட்டில் அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அண்டை நிலையங்கள் எதுவும் அதைக் காணவில்லை. எதனால் என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஆய்வுக்குப் போன அதிகாரி ஒரு புகைப்படத்தோடு திரும்பி வந்தார். ஆண்டெனாவுக்குக் கடல்பக்கமாக ஒரு கொடி; கொடியில் ஒரு நீலப் போர்வை.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் பிடிபட்டது. ஈரத்துணி சமிக்ஞையை மறிக்கும். துணி தொங்குவது கடல்பக்கம், சரிவும் கடல்பக்கம். போட்டவுடன் அளவு விழுகிறது. துணி காயக் காய ஏறுகிறது. அவ்வளவு கச்சிதமான விளக்கம் அவளுக்கு அதுவரை அமைந்ததில்லை. அறிக்கையை அன்றைக்கே எழுதினாள்: ‘மறிப்பு. காரணம்: கூரையில் ஈரத்துணி. பொறுப்பு: காப்பாளர்.’ சொந்த அண்ணனைக் காப்பாற்றுகிறாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, எச்சரித்தும் திருந்தவில்லை என்ற பொருளில் ஒரு தாள் கூடுதலாகவே எழுதினாள்.

அண்ணன் வீட்டைக் காலி செய்தான். போகும்போது தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: “நான் போட்ட துணி இல்ல அது, பொடிசு.” பொடிசு என்பது அவள் நடை பழகின நாளிலிருந்து அவன் கூப்பிடும் பெயர். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஆந்தை வந்தார். வானத்தைப் படம் பிடிக்கும் பிரிவில் இருப்பவர். இருட்டு விழுந்தால்தான் அவருடைய கேமராக்களுக்குக் கண் திறக்கும். பகலெல்லாம் கொட்டாவியோடு திரிவார். பெயருக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் கடல்முனைக் கலங்கரை விளக்கத்தின் மாடியில் ஒரு புதிய கேமரா பொருத்தியிருந்தார்.

“மேடம், உங்க சலவைல எனக்கு ஒரு அழுக்குத் துணி வேணும்” என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

“அழுக்கெல்லாம் வெளிய போயாச்சு சார். திங்கக்கிழமை வெளியீடு.”

“அதான் வேகமா ஓடி வந்தேன். இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் மேசைமேல் வைத்த படத்தில் கடலுக்கு மேலே அந்தி கறுத்துக்கொண்டிருந்தது. வட்டமாக ஒரு சிவப்பு. மேகச் சிவப்பு அல்ல. அதனூடே நட்சத்திரங்கள் தெரிந்தன. ஊதி அணைத்த கரியின் உள்ளே மிச்சமிருக்கும் சிவப்பு.

“போன செவ்வாய். ஆறே முக்காலுக்கு மேல பன்னெண்டு நிமிஷம் இருந்துச்சு. கடல்முனைல உங்க பெட்டி என்ன சொல்லுதுன்னு பாக்கணும்.”

அவள் கோப்பைத் திறந்தாள். செவ்வாய் மாலையில் கடல்முனையின் வரிசை நடுவே வெற்றிடமாக இருந்தது. “ஒண்ணும் இல்ல சார். அந்த நேரம் கோளாறு. ஒன்பது போட்டு ஒதுக்கியிருக்கு.”

“என்ன கோளாறு?”

“மறிப்பு.”

“எது மறிச்சுது?”

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. “அங்க கூரைல துணி…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

ஆந்தை தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அந்த வீடு பூட்டிக் கெடக்குதே மேடம். மூணு வருஷமா அங்க யாரும் குடியில்ல, மின்கலத்துக்குத் தண்ணி ஊத்த மாசம் ஒருத்தர் வந்துட்டுப் போறதோட சரி. கேமரா மாட்டப் போனப்ப சாவி வாங்கிக் கூரை வரைக்கும் ஏறிட்டு வந்தேன். கொடி கட்டின ஆணி ரெண்டு இருந்துச்சு. ஆணிதான், துணி இல்ல.”

அண்ணன் போன அன்றைக்கே சரிவுகள் நின்றிருக்க வேண்டும். நின்றனவா என்று அவள் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் எழவில்லை. விதி தானாகவே பொறுக்கித் தானாகவே ஒதுக்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றுதான் அதைக் கட்டியிருந்தாள். கண் மூடியே இருந்துவிட்டது.

“ஒதுக்குனதைத் திறக்கலாமா?” என்றார் ஆந்தை, இப்போது குரலைத் தணித்து.

திறந்தார்கள். கடல்முனையின் ஒதுக்குக் கோப்பில் நூற்று நாற்பத்து மூன்று சரிவுகள் கிடந்தன. முதல் சில ஆண்டுகளில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. இந்த ஆண்டில் வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் இரண்டு. இடம் காலியான பிறகுதான் துணி மிகுந்திருந்தது.

“சமிக்ஞையோட பலம் குறைஞ்சிருக்கா? துணி மறிச்சா பலம் குறையணுமே” என்றார் அவர். அவள் அந்தப் பத்தியை எடுத்துப் பார்த்தாள். எந்தச் சரிவிலும் பலம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. மறிப்பே இல்லை. பலத்தைச் சரிபார்க்கும் வரியை, ஓட்டம் மெதுவாகிறதென்று, அவளே நிரலிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

ஆந்தை தம் கைப்பேசியில் வேறொரு பட்டியலைத் திறந்தார். கடலுக்கு அப்பாலுள்ள ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பிய நாளும் நேரமும். அவர் படிக்கப் படிக்க அவள் சரிபார்த்தாள். முதல் பத்து பொருந்தியபோது அவர் பேச்சு வேகம் பிடித்தது. முப்பதைத் தாண்டியதும் இருவருமே எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நூற்று நாற்பத்து மூன்றில் நூற்று முப்பத்தொன்று, ஏவிய பத்து நிமிடத்துக்குள் விழுந்தவை. மிச்சம் பன்னிரண்டில் சில ராக்கெட்டின் மேல்பாகம் வேலை முடித்துத் திரும்பி எரிந்தபோது வந்தவை. உண்மையான பழுது நான்கே நான்கு.

“மேல போற ராக்கெட்டு நீராவியைக் கொட்டிக்கிட்டே போகுது” என்றார் ஆந்தை, அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தும். “அந்த உயரத்துல இருக்கற அயனிகளோட நீராவி சேர்ந்தா எலக்ட்ரான் எல்லாம் மடமடன்னு தீர்ந்துபோகும். ஓட்டை விழுந்த மாதிரி. அது தீரும்போதுதான் இந்தச் சிவப்பு வெளிச்சம். பகல்னா வெயில் சீக்கிரம் நிரப்பிடும். பொழுது சாஞ்சிட்டா நிரப்ப ஆள் இல்ல. பக்கத்துலேர்ந்து மெதுவா வந்து சேரணும்.”

மெல்ல மெல்ல ஏறும் கோடு திரையில் நின்றது. துணி காய்கிற நேரம் என்று அவள் நினைத்திருந்தது காயம் ஆறுகிற நேரம்.

அவர் போன பிறகு அவள் கடல்முனையின் பழைய பதிவேடுகளை வரவழைத்தாள். காப்பாளர்கள் கையால் எழுதுபவை. தேதி, மின்கலத்தின் அளவு, துடைத்தாயிற்றா ஆகிய மூன்று பத்திகளைத்தான் கணினியில் ஏற்றுவார்கள். நான்காவது பத்தியான ‘குறிப்பு’ ஏற்றப்படுவதில்லை. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருந்தன. ‘மாலை 6.52. கடல் மேலே வட்டமாகச் சிவப்பு. மேகம் இல்லை.’ ‘மாலை 7.04. மறுபடி அதே சிவப்பு. மனைவியும் பார்த்தாள்.’ ‘சிவப்பு. இது என்னவென்று யாராவது சொன்னால் நல்லது.’ பதினாறாவது குறிப்போடு சிவப்பு நின்றுபோயிருந்தது. நின்றது சிவப்பல்ல, கேட்பதைத்தான் நிறுத்தியிருந்தான். அதற்கு அடுத்த மாதம் போர்வையின் புகைப்படம்.

எழுதப்பட்டிருந்த ஒன்றை ஆறு ஆண்டுகள் ஒருவரும் படிக்கவில்லை. படிக்க வேண்டியவளாக இருந்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலேறி, பிற்பகல் மூன்று மணிக்குக் கடல்முனைக்குப் பக்கத்து ஊரில் அண்ணனின் கடை வாசலில் நின்றாள். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை. தெருவோரம் நான்கைந்து பெட்டிகள் முதுகைக் காட்டி நின்றன, கோபித்துக்கொண்டவை போல. உள்ளே அண்ணன் தரையில் சம்மணமிட்டு, ஒரு செப்புக் குழாயில் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தான். மேசையருகே அண்ணி ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தவள் அண்ணிதான்.

“வாங்க நாத்தனாரே! என்ன, வானத்துலேர்ந்து எறங்கி வந்திருக்கீங்க? கொஞ்சம் பாத்து வாங்க, கொடில துணி காயுது. உங்களுக்கு ஆகாதே.”

“அண்ணி…”

“ஈரம் இல்ல. தொட்டு வேணா பாத்துக்கங்க.”

“வந்தவளை உக்காரச் சொல்லு முதல்ல” என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

“உக்காரட்டும். நான் என்ன நாற்காலியை மறிச்சுக்கிட்டா நிக்கிறேன்?” ‘மறிச்சு’ என்பதை அண்ணி அழுத்திச் சொன்னாள். அறிக்கையின் நகல் அவர்களுக்கும் வந்திருந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் உட்காரவில்லை. ரயிலில் ஏழு மணி நேரம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் கடையின் படியிலேயே உதிர்ந்துவிட்டன. பைக்குள்ளிருந்து ஆந்தையின் படத்தை எடுத்து அண்ணன் முன்னால் தரையில் வைத்தாள்.

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். நெடுநேரம் பார்த்தான்.

“இதான்” என்றான். பிறகு அண்ணியிடம் திருப்பிக் காட்டினான். “இதானே?”

“இதேதான். ஆனா நாம பாத்தது இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பு.” அண்ணி எழுந்து வந்து படத்தைக் கையில் வாங்கினாள். கேலி அவள் குரலிலிருந்து தற்காலிகமாக விடுப்பு எடுத்துக்கொண்டது. “இது எங்க கெடைச்சுது?”

அவள் சொன்னாள். ராக்கெட்டையும் நீராவியையும் சொன்னாள். சரிவுகளின் எண்ணிக்கையைச் சொன்னாள். பூட்டிய வீட்டின் கூரையில் மூன்று ஆண்டுகளாகக் காய்ந்துகொண்டிருந்த, யாருமே போடாத துணியைப் பற்றியும் சொன்னாள். “தப்பு என்னோடது அண்ணா. முழுக்க என்னோடது.”

அண்ணிதான் பேசினாள். “ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தச் சரிவெல்லாம் எத்தனை மணிக்கு?”

“பெரும்பாலும் சாயங்காலம். ஆறரை, ஏழு.”

“ஏழு மணிக்கு யாராவது துணி காயப் போடுவாங்களா? கடல் காத்துல, பனி எறங்கற நேரத்துல? அந்தப் போர்வையை நான் போட்டது காலைல பதினோரு மணி, அதுவும் கொடி புதுசாக் கட்டுன அன்னிக்கு. உங்க ஆபீசர் வந்தாரு, சிரிச்சாரு, படம் எடுத்தாரு, நான் குடுத்த டீயையும் குடிச்சிட்டுப் போனாரு. எங்க வீட்டுல தொவைக்கிறது நானு. ஒரு ஃபோன் போட்டு, ‘அண்ணி, எப்ப காயப் போடுவீங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ராக்கெட்டுக்கெல்லாம் போயிருக்கவே வேணாம்.”

மூன்று நிலையங்களைக் கேட்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்த இரண்டு பேரைக் கேட்கவில்லை. அவளும் வீட்டில் துணி துவைப்பவள்தான். மாலையில் காயப் போட்டால் மறுநாளும் ஈரம் போகாது என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் விரல்களுக்குத் தெரிந்தது மறந்துபோயிருந்தது.

“இங்க வா” என்றான் அண்ணன். குழாயின் ஒரு வளைவைச் சுட்டினான். நுரையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழ் மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. “லீக்கு. இந்தப் பெட்டி குளிரலன்னு கொண்டு வந்தாங்க. குளிரலன்னா இதுலதான் தேடுவேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜு நல்லாத்தானே ஓடுது, அப்ப இதுவும் சரியாத்தான் இருக்கும், வீட்டுக்காரம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்ல மாட்டேன்.”

“விதி அப்படி இல்ல அண்ணா…” என்று பழக்கத்தில் தொடங்கியவள், அப்படித்தான் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

“நீ ஒண்ணு சரியாச் சொல்லியிருக்கே” என்றான் அண்ணன். கண்ணோரத்தில் பழைய குறும்பு ஒன்று தலைகாட்டியது. “ஈரத்தாலதான் கோளாறுன்னு எழுதினே. ஈரம்தானே? நீராவி. எடம் மட்டும் முந்நூறு கிலோமீட்டர் தப்பிப் போச்சு.”

அண்ணி சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டும் பாதியில் நின்றன.

“நான் என்ன செய்யட்டும், சொல்லு. வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்றேன். இயக்குநர்கிட்ட…”

“வேலை வேணாம். இது போதும், இது நல்லா ஓடுது. குளிரலன்னா குளிரலன்னு சொல்றாங்க, நம்பறாங்க, நம்பறேன்.” அவன் குமிழை விரலால் தொட்டான், உடைந்தது. “இங்க வந்து நீ தப்புன்னு சொன்னே. சரி. அது வீட்டுக்குள்ள. அங்க ஒரு அலமாரில என் பேர்ல ஒரு தாள் இருக்கு. நான் செத்தாலும் அது இருக்கும். எங்க எழுதினியோ அங்கயே எழுது. அந்தத் தாளுக்குப் பக்கத்துல இன்னொரு தாள். அவ்வளவுதான்.”

திரும்பும் ரயிலில் சன்னலோரம் கடல் சிறிது தூரம் கூடவே வந்தது. அதன் மேலிருந்த வானம் எந்தக் குற்றமும் அறியாதது போல வெளிறிக் கிடந்தது. அவள் யோசித்தது அண்ணனைப் பற்றி மட்டுமல்ல. வாரத்துக்கு ஒரு முறை யாரோ அந்த வானத்தைத் துளைக்கிறார்கள். துளை ஆறுகிறது, ஆறுவதற்குள் அடுத்தது விழுகிற காலம் வருமா என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கென்றே இருபத்திரண்டு ஆண்டெனாக்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் அது தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. துணைக்குச் சாட்சி இல்லாத காரணத்தால் அதன் சொல்லைத் துடைத்தெடுத்துவிட்டு, மனிதக் கை படாத வானம் ஒன்றைத் திங்கட்கிழமை உலகத்தின் முன்னால் வைக்கவிருந்தாள். பொய் ஒன்றும் எழுதவில்லை, அழித்தது மட்டும்தான். அழிப்பதும் ஒரு வகை எழுத்து என்பது அவளுக்கு அந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

திங்கள் காலை இயக்குநரின் அறை. அவர் கெட்ட மனிதரல்ல. முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். ஆந்தையின் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“நல்ல கண்டுபிடிப்பும்மா. தனிக் கட்டுரையாவே எழுதலாம். அடுத்த பதிப்புல சேத்துக்கலாம். இன்னிக்கு வெளியீட்டை நிறுத்தணுமா?”

“நிறுத்தணும் சார். கடல்முனை மட்டும் இல்ல. கடலோரத்துல இருக்கற நாலு நிலையத்துலயும் இதே மாதிரி ஒதுக்கியிருப்பேன். எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்.”

“ஒரு வருஷம் ஆகும்.”

“ஆகட்டும் சார்.”

“உங்க பேர்ல இருக்கற விதி. நாலாம் அத்தியாயம்.”

“அதனாலதான் சார் நானே வந்தேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். நாள்காட்டியில் திங்கட்கிழமையைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அடித்தார். “சரி. தரவைத் திருத்துங்க. அந்த அறிக்கையை மட்டும் கிளற வேணாம். அவர் உங்க அண்ணன். இப்ப போய் நீங்களே அவருக்காக எழுதினா, அண்ணனைக் காப்பாத்தறாங்கன்னு நாலு பேர் சொல்லுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட அதே வாக்கியம், சொல் மாறாமல். வெளியிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு சின்னதாக இருந்தது!

“அன்னிக்கும் இதுக்குப் பயந்துதான் எழுதினேன் சார். அண்ணனாச்சேன்னு பயந்து ஒரு தாள் கூடவே எழுதினேன். எச்சரிச்சும் திருந்தலன்னு. யாரும் எச்சரிக்கவே இல்ல. இன்னிக்கும் அதே பயத்துக்காக எழுதாம விட்டா, ரெண்டு தடவையும் அவர் அண்ணனா இருந்ததுக்குத்தான் தண்டனை.”

இயக்குநர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார் கடைசியில்.

பன்னிரண்டு வரி. முந்தைய அறிக்கை தவறு என்பது முதல் வரியிலேயே இருந்தது. கூரையில் துணி மறித்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை; சரிவுகள் ராக்கெட் ஏவுதலால் நேர்ந்தவை; எச்சரிக்கை எதுவும் விடுக்கப்பட்டதில்லை; காப்பாளர் தம் பதிவேட்டில் பதினாறு முறை இதைக் குறித்திருக்கிறார், அவற்றை நான் படிக்கவில்லை. கடைசி வரியை எழுதியபின் அவள் பேனாவைச் சிறிது நேரம் மூடவில்லை. தாள் அலமாரிக்குப் போய்ப் பழைய தாளின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு நகலைக் கடைக்கு அனுப்பினாள்.

பதில் இல்லை. இரண்டு வாரம் அவள் ஒதுக்குக் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிரலில் ஒன்பதாம் குறியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தாள்: ‘ஒரே நிலையம் கண்டது. ஒதுக்காதே, வைத்திரு.’ பதிவேட்டின் நான்காவது பத்திக்கும் ஒரு கட்டம் போட்டாள். ஆந்தை எட்டிப் பார்த்து, “சலவைத் துறைல இப்பல்லாம் அழுக்கைப் பத்திரப்படுத்தறாங்களாமே” என்றார். “அழுக்குன்னு யார் சொன்னது?” என்றாள் அவள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, விளக்குப் போடும் நேரம். கைப்பேசி ஒலித்தது. திரையில் அண்ணன்.

“பொடிசு” என்றது குரல். “பேனா இருக்கா? எழுதிக்கோ.”

அவள் கடல்முனைப் பதிவேட்டின் தாள் ஒன்றை இழுத்தாள். கடல்முனையின் கோடு ஓடிக்கொண்டிருந்த திரை இடப்பக்கம் இருந்தது. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பவில்லை.

“சொல்லு அண்ணா.”

“ஆறு நாப்பத்தொம்பது. கடல் மேல, கொஞ்சம் தெற்க தள்ளி. வட்டம் இல்ல இந்தத் தடவை, நீளவாட்டுல. நிலா பக்கத்துல, நிலாவை விடப் பெருசு. நடுவுல நல்ல செவப்பு, ஓரத்துல மங்கல். மேகம் இல்ல.”

“நீளவாட்டுல… ஓரத்துல மங்கல்…” அவள் எழுதிக்கொண்டே வந்தாள். “இன்னும் இருக்கா?”

“இருக்கு. கடைக்கு வெளிய நின்னு பாத்துட்டுதான் பேசறேன். உங்க அண்ணியும் பாக்கறா.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் தெருவுக்கே கேட்கும்படி வந்தது: “கொடில துணி ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க! பகல்லயே எடுத்து மடிச்சு வச்சாச்சு!”

நான்காவது பத்தியில், அண்ணன் சொன்னதற்குக் கீழே, அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.